பதினான்காவது கேள்வி

ஜூன் 3, திங்கள்

முதலில் மன்னிக்க வேண்டும். இந்த டைரி எனக்காக வந்ததல்ல. சொட்டு மருந்துக் கம்பெனிக்காரர் டாக்டர் நசீமா மேடத்துக்குக் கொடுத்தது. மேடத்திடம் ஏற்கெனவே ஆறு டைரிகள் இருந்ததால் ஏழாவது என் மேசைக்கு வந்தது. ஜூன் மாதத்தில் கைக்கு வந்த டைரி என்பதால், ஜனவரியிலிருந்து மே வரை எனக்கு எதுவுமே நடக்கவில்லை என்று அதுவே சாட்சி சொல்கிறது. பொய்யில்லை. எழுதும் அளவுக்கு எனக்கு ஒன்றும் நடப்பதில்லை. நடப்பதெல்லாம் மற்றவர்களுக்கு, நான் படிவத்தில் நிரப்புகிறேன். ஆனாலும் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கம்பெனி முத்திரையாக அச்சடித்த ஒரு கண் பல்லைக் காட்டிச் சிரிக்கிறது. அதை வெற்றுப் பக்கத்தில் தனியாகச் சிரிக்கவிட மனம் வரவில்லை.

என் பெயர் முனீஸ்வரி. வயது இருபத்து மூன்று. பி.எஸ்ஸி. விலங்கியல். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி. இதை நானாகச் சொல்லிக்கொள்ளவில்லை; தாசில்தார் முத்திரை குத்திய சான்றிதழ் இருக்கிறது. அதைக் கொடுப்பதற்கு முன் எங்கள் வீட்டில் வேறு யாரும் படித்துவிடவில்லையே என்று வி.ஏ.ஓ. நேரில் வந்து விசாரித்தார். அப்பா பெருமையாக "ஒருத்தரும் இல்லீங்க" என்றார்.

கண் ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிப் பிரிவில் களப்பணியாளர் வேலை. கண் அழுத்த நோய் யாருக்கு வருகிறது, எதனால் வருகிறது, ரத்தத்தில் எது வழியாகப் பரம்பரைக்கு இறங்குகிறது என்று பார்க்கிறார்கள். இந்த நோய் வலிக்காது, சிவக்காது. பார்வையை ஓரத்திலிருந்து தின்றுகொண்டே நடுவுக்கு வரும். நடுப்பார்வை நன்றாக இருப்பதால் ஆளுக்கே தெரியாது. போனது திரும்பாது, மிச்சமிருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம்.

நோய் உள்ளவர்கள் இருநூறு பேர், இல்லாதவர்கள் இருநூறு பேர். இரண்டு பக்கத்து ரத்தத்தையும் ஒப்பிடவேண்டும். யாரும் யாருக்கும் சொந்தமாக இருக்கக்கூடாது. ஒரே குடும்பத்தை இரண்டு அணியிலும் இறக்கினால் கபடி நடக்காது என்றார் மேடம்.

படிவத்தில் நாற்பத்தாறு கேள்விகள். சர்க்கரை உண்டா, கிட்டப்பார்வை உண்டா, ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போட்டதுண்டா. பதினான்காவது கேள்வி: இந்த ஆராய்ச்சியில் கலந்துகொள்ளும் வேறு யாராவது உங்களுக்கு ரத்த சம்பந்தமா? கேட்கும்போது நான் ஆளின் முகத்தைப் பார்ப்பதில்லை. சட்டையின் இரண்டாவது பட்டனைப் பார்த்துக் கேட்பேன். சேலை என்றால் இன்னும் கஷ்டம்.

ஜூன் 5, புதன்

இன்று நோயுள்ளவர் எண் 41. வயது அறுபத்தொன்று. பெயர் கோட்டைச்சாமி, ஊர் பந்தல்குடி. வலது கண்ணில் சுத்தமாகப் பார்வை இல்லை. இடது கண்ணில் இளநீர்க் குழாய் வழியாகப் பார்ப்பது போல ஒரு வட்டம். அந்த வட்டத்துக்குள் என்னைக் கொண்டுவர அவர் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் சுவரில் இருந்த நாட்காட்டியிடம் பேச ஆரம்பித்தார்.

மரபணு என்று நான் சொன்னதும், "கத்திரிக்காயில போடுறாய்ங்களே, அதா?" என்று கேட்டார். அதேதான், ஆனால் இது மனுஷக் கத்திரிக்காய் என்று நர்ஸ் ஸ்டெல்லா அக்கா சொல்லிக்கொண்டே ரத்தம் எடுத்துவிட்டார். ஸ்டெல்லா அக்கா இருந்தால் நான் பேச வேண்டியதில்லை. அதற்காகவே அவருக்குத் தினமும் டீ வாங்கித் தருகிறேன்.

பிறகு குடும்ப மரம் வரைய வேண்டும். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர்கள் மேல் ஒரு குறுக்குக் கோடு. உடன்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன்.

"ஒரு தங்கச்சி. அது போயிருச்சு."

"தம்பி?"

"இல்ல."

ஒரு வட்டம் போட்டுக் கோடு கிழித்தேன். பங்கேற்பவர் சொல்வதைத்தான் எழுத வேண்டும், நாமாக எதையும் சேர்க்கக்கூடாது என்பது விதி. பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அதனால் அந்த வட்டத்துக்குப் பக்கத்தில் நான் சதுரம் போடவில்லை. அந்தச் சதுரம் அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் பழைய சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

கோட்டைச்சாமி எனக்குப் பெரியப்பா. அப்பாவும் அவரும் பேசி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. நான் யார் என்று அவரிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. படிவத்தில் அப்படி ஒரு கேள்வி இல்லை.

ஜூன் 11, செவ்வாய்

பள்ளிக்கூடம் திறந்த இரண்டாம் நாள். அப்பா வேனின் இடதுபக்கக் கண்ணாடியை உடைத்துவிட்டார். கரண்டுக் கம்பத்தை ரோட்டுக்குத் தள்ளி நட்டிருக்கிறார்களாம். அந்தக் கம்பம் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அங்கேதான் இருக்கிறது.

ஜூன் 16, ஞாயிறு

அப்பா பெயர் சீனிச்சாமி. மெட்ரிகுலேஷன் பள்ளி ஒன்றில் வேன் ஓட்டுகிறார். பதினான்கு பிள்ளைகள். எல்லாரும் எல்.கே.ஜி.யிலிருந்து மூன்றாம் வகுப்புவரை, அதாவது வேனின் ஜன்னல் உயரத்துக்குக் கீழே. வருடத்துக்கு ஒரு கண்ணாடி உடைவது சகஜம். இந்த வருடம் ஆறு மாதத்தில் மூன்று. மூன்றும் இடதுபக்கம்.

இன்று மதியம் வீட்டில் ஒரு பரிசோதனை செய்தேன். அனுமதிப் படிவம் வாங்கவில்லை. அப்பா டி.வி.யைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார். தட்டுக்கு இடப்பக்கம், ஒரு முழம் தள்ளி, தேங்காய்த் துவையல் கிண்ணத்தை வைத்தேன். அப்பாவுக்குத் துவையல் என்றால் உயிர். சோற்றைப் பிசைந்தார், ரசம் ஊற்றினார், அப்பளத்தை நொறுக்கினார். கடைசியில் "இன்னைக்குத் துவையல் அரைக்கலையா?" என்று கேட்டார்.

அம்மா எழுந்து, கிண்ணத்தை எடுத்து வலப்பக்கம் வைத்தாள். இது முதல் தடவை செய்கிற கை மாதிரி இல்லை. அப்புறம்தான் கவனித்தேன். தண்ணீர்ச் செம்பு, உப்பு ஜாடி, ரிமோட், மூக்குக் கண்ணாடி எல்லாமே எங்கள் வீட்டில் அப்பாவுக்கு வலப்பக்கம் இருக்கின்றன. எப்போதிலிருந்து என்று தெரியவில்லை.

ஜூன் 22, சனி

அப்பாவின் பள்ளியில் டிரைவர்களுக்குக் கண் முகாம். ஆராய்ச்சிக்கு நோயில்லாதவர்களும் தேவை என்பதால் எங்கள் குழுவும் போனது. எட்டு டிரைவர்கள் வந்தார்கள். ஒருவர் அட்டையைப் படிக்கச் சொன்னதும் எழுத்துக்களை மனப்பாடமாக ஒப்பித்தார், ஆனால் போன வருடத்து அட்டையை.

அப்பா கடைசி வரிவரை தண்ணீர் மாதிரி படித்தார். ஸ்டெல்லா அக்கா கைதட்டினார். அப்பா திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் தாசில்தார் முத்திரை இருந்தது. கண் அழுத்தம் பதினேழு, அதுவும் சரிதான். அழுத்தம் சரியாக இருந்தும் இந்த நோய் வருவதுண்டு என்று மேடம் எங்களுக்கு மூன்று முறை வகுப்பெடுத்திருக்கிறார். ரத்தமும் கொடுத்தார். கண்ணை விரித்து உள்ளே நரம்பைப் பார்க்கச் சொட்டு மருந்து விட வேண்டும் என்றதும் எழுந்துவிட்டார். மருந்து விட்டால் நாலு மணி நேரம் வண்டி ஓட்ட முடியாது, சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் பிள்ளைகளை ஏற்ற வேண்டும், ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்கே வருகிறேன் என்றார்.

படிவத்தை நிரப்பியது நான். குடும்பத்தில் யாருக்காவது கண் நோய்?

"இல்ல."

உடன்பிறந்தவர்கள்?

அப்பா என் பேனா முனையையே பார்த்தார். நான் அவர் சட்டைப் பட்டனைப் பார்த்தேன்.

"ஒரு தங்கச்சி, செத்துப்போச்சு. வேற யாருமில்ல. எழுது."

எழுதினேன். பதினான்காவது கேள்விக்கும் இல்லை என்று எழுதினேன். நோயில்லாதவர் எண் 118. நரம்புப் பரிசோதனை: பின்னர்.

ஜூன் 30, ஞாயிறு

அப்பா ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. வேனைக் கழுவினார். இடப்பக்கம் சரியாகக் கழுவவில்லை.

ஜூலை 7, ஞாயிறு

அப்பா வெளியே போயிருந்த நேரம் பார்த்து அம்மாவிடம் பெரியப்பாவைப் பற்றிச் சொன்னேன். ஆஸ்பத்திரிக்கு வந்தார், கண் போய்விட்டது, அண்ணனுக்கு இருந்தால் தம்பிக்கும் வர வாய்ப்பு பல மடங்கு அதிகம் என்றேன். இவ்வளவு நீளமாக நான் இந்த வருடம் பேசியதே இல்லை.

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பெரியப்பாவின் கண்ணுக்காக அழுதாளா வெங்காயத்துக்காகவா என்று பார்த்தேன். வெங்காயத்துக்குத்தான் போல.

"அந்தாள் பேரை உங்கப்பா காதுல போட்டுறாத. அன்னைக்குச் சாப்பிட மாட்டாரு" என்றாள். என்னதான் சண்டை என்று கேட்டேன். அதைக் கேட்டால் சிரிப்பாய், சிரித்தால் அவருக்குக் கோபம் வரும், வேண்டாம் என்றாள். அப்புறம் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, குரலை இறக்கி, "கண்ணு சரியில்லைன்னு ஆஸ்பத்திரில எழுதிக் குடுத்துட்டா ஸ்கூல்ல வேன் குடுப்பாகளாடி?" என்றாள்.

குடுக்க மாட்டார்கள் என்றேன்.

"தெரியுதுல்ல. அப்புறம் என்ன படிச்சவ நீ?" என்று மறுபடி வெங்காயத்தை எடுத்துக்கொண்டாள்.

பதினான்கு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. அந்த வேளையில் சொல்வதற்கு எனக்கு அந்த வார்த்தைகள் வரவில்லை; இப்போது, பால்காரர் வந்து போன பிறகு வருகின்றன.

ஜூலை 19, வெள்ளி

ஆய்வகத்திலிருந்து மின்னஞ்சல். நாங்கள் அனுப்பிய முதல் நூறு பேரின் ரத்தத்தில் பதினேழு பேர் ஒருவருக்கொருவர் நெருங்கிய சொந்தமாம். அண்ணன் தம்பிகள், சித்தப்பா மகன்கள், ஓர் அம்மாவும் மகளும். இவர்கள் எல்லோரும் பதினான்காவது கேள்விக்கு இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். ஆகவே, ரத்தக் குழாய்களில் லேபிள் மாறியிருக்க வேண்டும் என்பது ஆய்வகத்தின் முடிவு.

லேபிள் ஒட்டுவது ஸ்டெல்லா அக்கா.

அக்கா பதினெட்டு வருட சர்வீஸ். தன் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தக அட்டை போடுவதுபோல ஒவ்வொரு குழாயையும் ஒட்டுவார். மேடம் ஒன்றும் திட்டவில்லை. எழுதி விளக்கம் கேட்டார்கள், அவ்வளவுதான். அக்கா மதியம் டீ வேண்டாம் என்றார். அது நான் பார்த்திராத அதிசயம்.

ஜூலை 23, செவ்வாய்

அந்தப் பதினேழு பேரையும் மறுபடி பார்த்துக் கேட்கும்படி என்னையும் அக்காவையும் அனுப்பினார்கள். முதலில் இரண்டு பேர், ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீடு. இந்தப் பக்கத்து ஐயாவிடம், பக்கத்து வீட்டுக்காரர் உங்களுக்குச் சொந்தமா என்று அக்கா கேட்டார்.

"கிடையாது. ஒம்பது வருஷமாக் கிடையாது."

அக்கா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன்.

"ஐயா, அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி கூடப்பிறந்த தம்பி."

வெயிலில் நின்றுகொண்டு அக்கா சிரித்த சிரிப்பில் அந்த ஐயா பயந்து உள்ளே போய்விட்டார்.

லேபிள் மாறவில்லை. நாங்கள் பிறப்பைக் கேட்டோம். அவர்கள் நடப்பைச் சொன்னார்கள். பேச்சுவார்த்தை நின்றுபோனால் ரத்தமும் நின்றுபோகும் என்று எங்கள் ஜில்லாவில் சட்டம் இருப்பதை ஆய்வகத்துக்கு யாரும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

ஜூலை 26, வெள்ளி

பதினொரு பேர் முடிந்தது. சொந்தம் அற்றுப்போனதற்கான காரணங்களையும் நான் தனியாகக் குறித்து வைத்திருக்கிறேன். ஆராய்ச்சிக்குத் தேவையில்லை, எனக்குத் தேவை. கிடாவெட்டுக்குக் கூப்பிட்டு ஈரல் வைக்காதது. பந்தியில் இரண்டாவது தடவை சாம்பார் கேட்டபோது காதில் விழாத மாதிரி நடந்துபோனது. இழவு வீட்டில் தலைத்துண்டு கட்டும் சடங்கில் வரிசையில் முன்னால் நின்றது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மகளின் மார்க்குக்குக் கட்டைவிரல் மட்டும் போட்டது, அதுவும் மறுநாள்.

ஓர் அம்மாவும் மகளும். காதல் கல்யாணம். மகள் இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். அம்மாவுக்குக் கண் அழுத்த நோய், இரண்டு வருடமாகச் சொட்டு மருந்து போடுகிறார். மகளுக்கு அது தெரியாது. அக்கா பேச்சை மாற்றிச் சிரிக்கவைக்கப் பார்த்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை. "அவளுக்கும் வருமா?" என்று மட்டும் கேட்டார். வரலாம், வருடா வருடம் பார்த்துக்கொண்டால் நல்லது என்று சொன்னது நான். அக்கா இல்லை, நான். பட்டனைப் பார்க்காமல் சொன்னேன்.

ஜூலை 30, செவ்வாய்

பதினான்காவது கேள்வியை மாற்றி எழுதும் பொறுப்பை மேடம் எனக்குக் கொடுத்தார்கள். என் வாசகம்: "இப்போது பேச்சுவார்த்தை இருந்தாலும் இல்லாவிட்டாலும், சாவுக்கு வரமாட்டேன் என்று சொன்னவர்களாக இருந்தாலும், பிறப்பால் உங்களுக்குச் சொந்தமானவர்களைச் சொல்லுங்கள்." நெறிமுறைக் குழுவில் ஒரு பேராசிரியர், சாவு என்ற சொல் பங்கேற்பாளர்களுக்கு மன உளைச்சல் தரும் என்று ஆட்சேபித்தாராம். எங்கள் பங்கேற்பாளர்களை அவருக்குத் தெரியாது என்று மேடம் பதில் எழுதினார்கள்.

ஸ்டெல்லா அக்கா டீ குடித்தார். இரண்டு.

ஆகஸ்ட் 5, திங்கள்

அடுத்த ஐம்பது பேரை முந்தைய நூறு பேரோடும் ஒப்பிட்ட பட்டியல் வந்தது. கூட்டத்தில் மேடம் வாசித்தார்கள். நோயுள்ளவர் 41, நோயில்லாதவர் 118. முழு உடன்பிறப்பு. ஆய்வகத்துக்கு எண் மட்டும்தான் தெரியும், பெயர் தெரியாது.

"இது யாரு? மறுபடி போய் எந்த ஈரல் சண்டைன்னு கேட்டுட்டு வாங்க" என்றார்கள் மேடம். எல்லாரும் சிரித்தார்கள். அக்கா பேனாவை எடுத்துக் குறித்துக்கொள்ளப் போனார்.

எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கும் அறையில் நான் இதுவரை வாய் திறந்ததில்லை. மின்விசிறியைப் போடச் சொல்வதற்குக்கூட.

"போக வேண்டாம் மேடம். 118 எங்கப்பா. 41 எங்க பெரியப்பா. ரெண்டு படிவமும் நான்தான் எழுதினேன். ரெண்டு தடவையும் தெரிஞ்சேதான் எழுதினேன்."

வேலை போய்விடும் என்று நினைத்தேன். மேடம் அறையிலிருந்த மற்றவர்களை அனுப்பினார்கள். படிவத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டார்கள். சொன்னேன். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார்கள். சொன்னேன். இடப்பக்கக் கண்ணாடி, துவையல், அம்மா வலப்பக்கம் நகர்த்துவது எல்லாம் வரிசையாக வந்துவிட்டது. மூக்கும் ஒழுகியது.

"துவையல் டெஸ்ட்டுக்கு ரிப்போர்ட் எழுதியிருக்கியா?" என்று கேட்டார்கள். இந்த டைரியில் என்றேன். அப்புறம் மெதுவாகத்தான் சொன்னார்கள்: இந்த வாரத்துக்குள் நீயாக அவரைக் கூட்டிக்கொண்டு வா. இல்லாவிட்டால் திங்கட்கிழமை பள்ளிக்கு நான் பேச வேண்டியிருக்கும். பேசினால் அது உங்கள் வீட்டுக்கு உதவியாக இருக்காது, ஆனால் பேசுவேன்.

போகும்போது என்னையும் நாற்காலியில் உட்காரவைத்துக் கண்ணில் சொட்டு விட்டார்கள். இதற்கு மேல் எழுத்து மங்கலாக இருக்கிறது. பக்கத்தடிக் கண்ணுக்கு இன்று பல் தெரியவில்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

எனக்கு இப்போதைக்கு ஒன்றுமில்லை. வருடம் ஒரு முறை பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 7, புதன்

அப்பாவிடம் சொன்னேன். அவர் வேனுக்கு ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருந்தார். பெரியப்பாவின் பெயரைச் சொல்லாமல், குடும்பத்தில் ஒருவருக்கு இருக்கிறது என்று தொடங்கினேன். யார் அந்த ஒருவர் என்று கேட்டார். சொன்னேன்.

"அப்படி ஒரு ஆளு நமக்குக் கிடையாது. கிடையாத ஆளுக்குக் கண்ணு போனா எனக்கெதுக்குப் போகும்?"

தர்க்கம் சரியாகத்தான் இருக்கிறது. கடைசி வரியைப் படித்தது உனக்கு ஞாபகம் இருக்கா இல்லையா என்று கேட்டார். இருபத்தெட்டு வருஷமாக வண்டி ஓட்டுகிற தன்னை, நேற்று ரத்தக் குழாயைப் பிடிக்கக் கற்றுக்கொண்டவள் இறக்கிவிடப் பார்க்கிறாள் என்றார். டாக்டரே வந்து சொன்னாலும் வரமாட்டேன் என்றார். அதன் பிறகு என்னிடம் பேசவில்லை. பேசாமலிருப்பதில் அப்பாவுக்கு இருபத்திரண்டு வருட அனுபவம் இருக்கிறது. எனக்குப் பிறவியிலேயே உண்டு. ஆகையால் வீடு மிகவும் அமைதியாக இருக்கிறது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆயா, பாக்கியம் அக்கா, மாலை வீட்டுக்கு வந்தார். அப்பா டீக்கடையில் இருக்கிறார் என்று உறுதிசெய்துகொண்டு உட்கார்ந்தார். ஆடிக் கடைசி வெள்ளிக்கு நேர்ந்துவிட்ட கிடாய் ஒன்று, மஞ்சள் தண்ணீரோடும் மாலையோடும் ரோட்டோரம் நின்றிருக்கிறது. வேன் அதன்மேல் இடித்துவிட்டது. கிடாய் பிழைத்து நொண்டிக்கொண்டு ஓடிவிட்டதாம். சாமிக்கு நேர்ந்ததை நொண்டியாக்கிவிட்டாயே என்று ஊரே கூடி அப்பாவைத் திட்டியதாம். ஆடுதான் குறுக்கே வந்தது என்று அப்பா சாதித்தாராம்.

"ஆடு நவுரவே இல்லம்மா. செவலைக் கெடா, கழுத்து நெறைய செவ்வந்தி மாலை. ரோட்டுல போற கண்ணு தெரியாதவனுக்கும் தெரியும். உங்கப்பா பாக்கவே இல்ல" என்றார் பாக்கியம் அக்கா. பிறகு, "எம் பேத்தியும் அந்த வேன்லதான் வருது முனீஸு" என்று சொல்லிவிட்டு, அம்மா கொடுத்த காபியைக் குடிக்காமல் எழுந்து போனார்.

அம்மா காபியைக் கொட்டினாள். கிண்ணங்களை எல்லாம் துடைத்து அலமாரியில் வைத்தாள். வலப்பக்கம் இடப்பக்கம் பார்க்காமல் வைத்தாள். வெகுநேரம் கழித்து, "பந்தல்குடிக்கு ஞாயித்துக்கிழமை பஸ் இருக்குமா?" என்று என்னைக் கேட்டாள்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

இருந்தது.

அம்மா வரவில்லை. முறுக்குப் பொட்டலம் மட்டும் கட்டிக் கொடுத்தாள், யார் கொடுத்தது என்று சொல்லக்கூடாது என்ற நிபந்தனையோடு. பெரியப்பா வீடு கண்டுபிடிக்கக் கஷ்டமாக இல்லை. கண் தெரியாதவர், ஆனால் ரோட்டில் போகிற எல்லோரையும் திட்டுபவர் வீடுதானே என்று டீக்கடைக்காரர் கேட்டார். நான் பெயரை மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

பெரியப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பெரியம்மா உள்ளே இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறேன், படிவத்தில் ஒரு கேள்வியை மாற்றியிருக்கிறோம் என்றேன். புதிய பதினான்காவது கேள்வியை வாசித்தேன். சாவுக்கு வரமாட்டேன் என்ற இடத்தில் அவர் தலையைத் திருப்பி, அந்தச் சின்ன வட்டத்துக்குள் என் முகத்தைத் தேடிப் பிடித்தார்.

"இத எழுதுனது யாருத்தா? எங்க குடும்பத்தக் கூட இருந்து பாத்தவன் மாதிரில்ல எழுதியிருக்கான்."

நான் பேனா மூடியைத் திறந்தேன்.

"ஒருத்தன் இருக்கான். தம்பி. சீனின்னு பேரு. வாய்ல வச்சாத்தான் கசக்கும்." சிறிது நேரம் முறுக்கை உடைத்துக்கொண்டிருந்தார். "அவன் மக காதுகுத்துக்குப் பத்திரிகை அடிச்சான். முந்நூறு பத்திரிகை. ஊர்ல உள்ள மாமன் மச்சான், பால்காரன் பேரு வரைக்கும் இருக்கு. கூடப்பிறந்த அண்ணன் பேரு இல்ல. பிரஸ்காரன் விட்டுட்டானாம். சரி, விட்டுட்டான். இவன் என்ன செஞ்சான் தெரியுமா? எனக்குக் குடுத்த ஒரு பத்திரிகைல மட்டும் என் பேரைப் பேனாவுல எழுதிக் கொண்டாந்து குடுத்தான். பேனாவுல! அந்தக் கையெழுத்த நீ பாக்கணும். கோழி கிண்டுன மாதிரி. ஊருக்கெல்லாம் அச்சு, எனக்கு மட்டும் பேனாவான்னு கேட்டேன். உள்ளத எழுதித்தான குடுத்தேன்னான். அன்னையோட சரி."

அம்மா சொன்னது உண்மை. எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிப் பார்த்தேன், மூக்கு வழியாக வந்துவிட்டது. பெரியப்பா கோபப்படுவார் என்று பயந்தேன். அவருடைய தோளும் குலுங்கிக்கொண்டிருந்தது.

"என்ன சிரிப்பு? இருபத்திரண்டு வருஷம்" என்றார்.

படிவத்தை மடியில் விரித்தேன். கோடு கிழித்த வட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு சதுரம் வரைந்தேன். சதுரத்துக்குக் கீழே ஒரு கோடு இறக்கி ஒரு வட்டம் போட்டேன்.

"என்ன எழுதுற?"

"காது குத்துனது எனக்குத்தான் பெரியப்பா. முனீஸ்வரி."

உள்ளே இடியாப்ப அச்சு சுற்றும் சத்தம் நின்றது. பெரியம்மா கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். என் முகத்தைப் பார்த்து, "ஆத்தி, கொழுந்தனாரு மூக்கு" என்றார். பெரியப்பா, "அப்ப அன்னைக்கு ஆஸ்பத்திரில ரத்தம் எடுக்கையில நீ அங்கனதான் நின்னுக்கிட்டிருந்தியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "வாயத் தொறந்து சொல்லலையே. அவன் மகதான், சந்தேகமில்ல" என்றார்.

அப்புறம் கேட்டார். அவனுக்கும் கண் போகிறதா என்று. நான் அதுவரை கண்ணைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. வேனைப் பற்றிச் சொன்னேன். பிள்ளைகளைப் பற்றிச் சொன்னேன். கிடாயைப் பற்றிச் சொன்னபோது சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை. எனக்கும் இப்படித்தான் தொடங்கியது, ஓரத்தில் நின்ற மாட்டைப் பார்க்காமல் சைக்கிளை விட்டேன், மாட்டைத்தான் திட்டினேன் என்றார். எட்டு வருடம் மாட்டையும் கம்பத்தையும் திட்டிக்கொண்டே இருந்துவிட்டேன், அதற்குள் வலது கண் முடிந்துவிட்டது என்றார். அப்போது யாராவது வந்து என்னைத் திட்டியிருக்கலாம். திட்டுகிற உரிமை உள்ளவன் ஒருத்தன்தான், அவனிடம் பேச்சில்லை என்றார்.

பெரியம்மா இடியாப்பம் வைத்தார். சாப்பிட்டேன். இன்னும் இரண்டு என்றார், அதையும் சாப்பிட்டேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தேன். செருப்பைப் போட்டேன். கேட்க வந்ததை இன்னும் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி அவர் முன்னால், அந்தச் சின்ன வட்டத்துக்கு நேராக நின்றேன்.

"பெரியப்பா, நாளைக்கு ஏழு மணிக்கு அப்பா வேனை எடுக்கறாரு. நான் சொல்லிக் கேக்கல, டாக்டர் சொன்னாலும் கேக்க மாட்டாராம். நீங்க வந்து வாசல்ல நின்னு அவரைத் திட்டணும். தெருவே கேக்குற மாதிரி, மனசு போல திட்டுங்க. எதுத்துப் பேசவாவது அவரு வண்டிய விட்டு இறங்குவாரு. காலைல மொத பஸ்ல நானே வந்து கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன். வருவீங்களா?"